அனுப்பியவர் செம்பியன்

அந்த மின்னஞ்சல் வழக்கம்போல மத்தியானச் சோற்று நேரத்துக்குத்தான் வந்தது. உள்ளேயும் வழக்கமான அதே வாசகம்: "வணக்கம் நெடுஞ்செழியன், நான் இன்றைய பாடத்தை முடித்துவிட்டேன். நீங்கள் எப்போது?" யாரும் உட்கார்ந்து எழுதுகிற மடல் இல்லை அது. ஆன்லைனில் பாடம் நடத்துகிற கம்பெனியின் இயந்திரம் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் இதையேதான் அள்ளித் தெளிக்கிறது. அனுப்பியவர் என்கிற இடத்தில் மட்டும் கம்பெனி பெயரைப் போடாமல், நம்மோடு கூடப் படிக்கிறவரின் பெயரைப் போட்டு அனுப்பும். அப்போதுதான் ஆட்கள் வெட்கப்பட்டாவது திறந்து பார்ப்பார்கள் என்று ஒரு கணக்கு. நெடுஞ்செழியனுக்கு அந்த இடத்தில் எப்போதும் 'செம்பியன்' என்று இருக்கும். அன்றைக்கு 'செம்பியன் தண்ணி' என்று இருந்தது.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தண்ணீர் கேன் போடுகிற ஆளை அவன் போனில் 'ரங்கன் தண்ணி' என்று பதிந்து வைத்திருந்தான். இதையும் அதையும் போனே குழப்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். ஹாலில் லேப்டாப் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

செம்பியன் அவனுடைய அப்பா. உள்ளறையில் கட்டிலில் கிடந்தார். திருவான்மியூர் டெர்மினஸில் பழைய ஆட்களைக் கேட்டால் இன்னமும் சொல்வார்கள், கண்டக்டர் செம்பியன் விசிலே ஊத மாட்டார், குரலே போதும் என்று. பின்படிக்கட்டில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் டிரைவர் முதற்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. மிஞ்சியது தொண்டைக்குள்ளிருந்து வருகிற ஒரே ஒரு "ம்ம்". தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், ஈ மொய்த்தாலும் அதுதான்.

பெருங்குடியில் பார்த்த வேலை போனபோது நெடுஞ்செழியனும் அவன் மனைவி அன்புச்செல்வியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. அவள் அடையாற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பில் உட்காருவாள். அவன் வீட்டிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே புதுப் பாடம் ஒன்றைப் படித்து அடுத்த வேலைக்குத் தயாராவான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வாயை நனைக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

அவன் படிக்கவும் இல்லை, பார்த்துக்கொள்ளவும் இல்லை. சொல்வதற்கே கூசுகிற விஷயம், ஆனால் நடந்தது அதுதான். லேப்டாப்பில் பாடத்தைத் தட்டிவிட்டு, அது தானே ஓடி, தானே முடிந்து, தானே அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருக்க, அவன் சோபாவில் மல்லாந்து போனில் எதையாவது தள்ளிக்கொண்டு கிடப்பான். உள்ளே "ம்ம்" கேட்கும்போது கையை நீட்டி வால்யூமை ஏற்றுவான். முதல் தடவை ஏற்றியபோது மனசு குத்தியது. அப்புறம் கை தானாகப் போய் ஏற்றப் பழகிக்கொண்டது.

செம்பியன் பெயரில் மடல் வருகிற கதை அதைவிடக் கேவலம். நண்பர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் ஒரு மாதம் இலவசம் என்று அந்தக் கம்பெனி சொன்னது. நண்பர்களிடம் போய் எனக்கு வேலை போய்விட்டது, என்னோடு படிக்க வாங்கடா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய பழைய போனை எடுத்து, அவர் பெயரையும் நம்பரையும் போட்டு, வந்த ஓடிபி எண்ணைத் தட்டி அவரையே நண்பராகச் சேர்த்துவிட்டான். அப்பா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்றான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் காது மடல் சுடும். வீட்டில் ஊக்கம் தருகிறவர் யார் என்று கேட்ட இடத்தில் அன்புச்செல்வியின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தான். 'நெடுஞ்செழியன் இன்றும் படித்தார்' என்று அவளுக்குத் தினமும் போகும். அவள் அதைக் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வந்த மடலில் பெயர் இப்படி இருந்தது: 'செம்பியன் தண்ணி குடு நைனா'.

அவன் எழுந்து உட்கார்ந்தான். அப்பா மட்டும்தான் அவனை நைனா என்று கூப்பிடுவார். இந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்தான். உள்ளறையிலிருந்து, மின்விசிறி கரகரப்புக்கு அடியில், மெல்லிசாக "ம்ம்... ம்ம்..." என்று வந்துகொண்டிருந்தது. எத்தனை நேரமாக வருகிறதோ. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் ஸ்பூனால் ஊற்றினான். அப்பா ஸ்பூனையே கவ்விக்கொண்டு உறிஞ்சினார். இரண்டு டம்ளர் போயிற்று. நெடுஞ்செழியன் அவர் முகத்தைப் பார்க்காமல் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்தான்.

பயம் வரவில்லை அப்போது. வெட்கம்தான் வந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தான். புரட்டினான், ஊட்டினான், பவுடர் போட்டான். மூன்றாம் நாள் சோபா கூப்பிட்டது.

'செம்பியன் முதுகு'.

அப்புறம், 'செம்பியன் முதுகு எரியுது'.

அப்புறம், அவன் வால்யூமை ஏற்றிய கையை எடுக்கும் முன்பே, 'செம்பியன் சவுண்ட கம்மி பண்ணு நைனா'.

அன்றைக்குத்தான் அவனுக்கு நிஜமாகவே குளிர் எடுத்தது. வெளியே ஏப்ரல் வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது, எதிர் வீட்டு மாடியில் வடாம் காய்ந்தது, மருந்தீசர் கோயில் பக்கமிருந்து ஏதோ கல்யாண மண்டபத்து மைக் சோதனை காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. இத்தனைக்கும் நடுவே அவன் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பக் கழுத்து வராமல் இருந்தான். அப்பாவின் கணக்கைத் திறந்து பார்த்தான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'செம்பியன்' என்று மட்டும்தான் இருந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. அப்பாவின் பழைய போனோ சார்ஜ் போட ஆளில்லாமல் என்றைக்கோ அணைந்துபோய், அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் பண்ணினான். ரெஹான் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு பையன் எடுத்தான், நல்ல பணிவான குரல்.

"சார், மெயில் சிஸ்டம்தான் அனுப்புது சார். அனுப்புறவங்க பேரு மட்டும் அந்த யூசர் என்ன வெச்சுக்கிறாங்களோ அதான் வரும்."

"அவரால வெக்க முடியாதுங்க. அவரு... அவரு போன் யூஸ் பண்றதே இல்ல."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "இல்லையே சார். செம்பியன் சார் ரொம்ப ஆக்டிவா இருக்காரு. ஒரு கிளாஸ் விடல. டெஸ்ட் எல்லாம் முடிச்சிருக்காரு, நல்ல மார்க்கு சார். உங்களுது தான் சார்..." என்று பையன் இழுத்தான். "நீங்க ஒரு டெஸ்ட்டு கூட எழுதல."

நெடுஞ்செழியன் போனை வைத்துவிட்டான். ஹாலில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, காதைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாத ஒரு மனுஷன் இதை முழுசாகக் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனான். போகாமல் இருக்க முடியவில்லை. அறையில் பவுடர் வாசனையும் டெட்டால் வாசனையும், அவற்றுக்கு அடியில் இனிப்பாக அழுகல் வாடை ஒன்றும் இருந்தது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்செழியன் கட்டில் ஓரத்தில் நின்று, தன் குரல் தனக்கே பிடிக்காமல், "அப்பா, நீயா?" என்று கேட்டான்.

அப்பா மெதுவாகக் கண்ணை மூடினார்.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுக்கவே கூடாது என்றுதான் நினைத்தான். எடுத்தான். 'செம்பியன் அவகிட்ட சொல்ல மாட்டேன்'.

அதைப் படித்ததும் அவன் உட்கார்ந்து அழுதிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அழவில்லை. ஹாலுக்கு வந்து, அனுப்பியவரைத் தடை செய்கிற இடத்தைத் தேடி எடுத்து அழுத்தினான். திரும்பிப் போய் உள்ளறைக் கதவைச் சாத்தினான். ஒரு கணம் ஆசுவாசமாக இருந்தது. பெற்ற அப்பனின் வாயை இரண்டாம் தடவை அடைத்த ஆசுவாசம்.

அன்று ராத்திரி அன்புச்செல்வி உள்ளறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, மாமாவுக்கு முதுகுல புண்ணு பெருசாகிக்கினே போவுது. நீங்க திருப்பித்தான படுக்க வெக்கிறீங்க?"

"வெக்கிறேனே."

"பின்ன இன்னா கர்மம் இது. டாக்டரத்தான் திட்டணும்." அவள் அவன் தலையைக் கலைத்துவிட்டாள். "நீங்களும் இன்னா பண்ணுவீங்க, படிப்பு ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். என்கூட வேல பாக்குற புஷ்ரா கேக்குறா, உன் வீட்டுக்காரரு மாதிரி எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடைக்காதான்னு."

அவனுக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. நாளைக்கு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். நாளையிலிருந்து சரியாக இருப்பேன்.

நாளைகள் வந்து போயின. மடல் எதுவும் வரவில்லை. மத்தியானச் சோற்று நேரத்துக்கு அவன் கை தானாகப் போனைத் தொடும், பெட்டி காலியாக இருக்கும். அது நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. காலியான அந்த இடத்தில் என்ன பெயர் வந்திருக்கும் என்று அவன் மனசே எழுதிப் பார்க்க ஆரம்பித்தது. சாத்திய கதவுக்கு முன்னால் நடக்கும்போது கால் தானாக விரைந்தது. மேல்வீட்டுத் தேவானையம்மா எந்த நேரமும் கிண்ணத்தோடு இறங்கி வருகிறவள், வந்து எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று வாசல் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போட்டு வைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அன்புச்செல்வி கிளம்பியதும் தாழ்ப்பாளைப் போட்டான், பாடத்தைத் தட்டிவிட்டான், படுத்தான். உள்ளறைக்குப் போகவில்லை. மத்தியானமும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்ச நேரம் கழித்து என்று தள்ளித் தள்ளி, அப்படியே தூங்கிப்போனான். முழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றிற்று. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. லேப்டாப் பேசவில்லை. பாடங்கள் எல்லாம் தீர்ந்துபோய் திரை இருண்டு கிடந்தது. அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது, தெருவில் சைக்கிள் மணி கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது. உள்ளறையிலிருந்து "ம்ம்" மட்டும் கேட்கவில்லை.

போனில் ஒரு மடல் காத்திருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். "உங்கள் படிப்புத் துணைவரின் மடல்கள் உங்களை அடையவில்லை. எனவே அவர் இதுவரை அனுப்பிய மடல்கள் அனைத்தையும் வீட்டில் ஊக்கம் தருபவர் என்று நீங்கள் தந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கிறோம்."

ஊக்கம் தருபவர். அன்புச்செல்வி.

அவன் பாய்ந்து எழுந்தான். இத்தனை நாளும் சோம்பிக் கிடந்த உடம்புக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. அவள் வருகிற நேரம். வருவதற்குள் அப்பாவைப் புரட்டிவிட வேண்டும், கஞ்சியை ஊட்டிவிட வேண்டும், துணி மாற்றிவிட வேண்டும், எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தப் பெயர்களை ஏதோ இயந்திரக் கோளாறு என்று சொல்லிச் சிரித்துவிடலாம். கதவைத் தள்ளினான்.

காலையில் அவள் படுக்க வைத்த மாதிரியே அப்பா கிடந்தார். போர்வை மடிப்புகூடக் கலையவில்லை. பிளாஸ்க் மூடி திறக்கவில்லை. முக்காலி காலில் ஏறி, பிளாஸ்க்கைச் சுற்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, தலையணை வழியாக ஒரு கறுப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. எறும்பு. கழுத்தில். தாடையில். வாயோரத்தில் உள்ளே போய், இன்னொரு ஓரத்தில் வெளியே வந்தது. ஒன்று இமைமேல் நடந்தது. அப்பா இமைக்கவில்லை.

"அப்பா."

நெற்றியைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது.

அந்த நேரத்தில் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? ஐயோ அப்பா என்றுகூட இல்லை. அவள் வருவதற்குள் இந்த எறும்பைத் துடைத்துவிட வேண்டும். அதுதான். அப்படி நினைத்ததை அவனே கேட்டான், கேட்டு உடம்பெல்லாம் கூசிற்று, கூசிக்கொண்டே துண்டை எடுத்துத் துடைத்தான்.

கீழே, மாடிப்படியில், ஒரு சத்தம். டிங்.

அவள் போன்.

டிங். டிங். முதல் மாடித் திருப்பம். அவள் செருப்புச் சத்தம் நின்று, மறுபடி நடந்தது. டிங். டிங். டிங். நிற்காமல் வந்துகொண்டிருந்தது. படி ஏறி வந்தது.

அப்பாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். புரட்டிவிட்டால் போதும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை புரட்டியிருந்தேன் என்று சொல்ல.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

வலது கை. இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த கை. ஜில்லென்று, எலும்பு வரைக்கும் இறுக்கி.

அவன் இழுத்தான். வரவில்லை. கத்த வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. வாசல் கதவு அசைந்தது, தாழ்ப்பாள் தடுத்தது.

"ஏங்க, தாப்பா எடுங்க." களைத்த, சாதாரணக் குரல். "இன்னாங்க இது, மாமா பேர்ல மெயிலா வந்துகினே கீது? ஏங்க?"

டிங்.

"செம்பியன் தண்ணி," என்று அவள் வெளியே நின்று வாசித்தாள். கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது அந்தக் குரலில். "செம்பியன் தண்ணி குடு நைனா. இன்னாங்க, விளையாடுறீங்களா? செம்பியன் முதுகு எரியுது."

நெடுஞ்செழியன் கீழே பார்த்தான். அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"செம்பியன் சவுண்ட கம்மி பண்ணு..." சிரிப்பு போய்விட்டிருந்தது. "செம்பியன் கதவ மூடாத. செம்பியன் இருட்டா கீது."

சத்தமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாக, அந்த வாய் திறந்தது, குவிந்தது, மூடியது. அவளோடு சேர்ந்து இல்லை. அவள் வாசிப்பதற்குக் கொஞ்சம் முன்னாடி.

"செம்பியன் எறும்பு." அவள் குரல் உடைந்தது. "இது மத்தியானம் வந்துக்கீது. செம்பியன் எறும்பு வாய்ல. செம்பியன் நைனா எறும்பு வாய்ல... ஏங்க! கதவத் தொறங்க! மாமா!"

கதவை இடித்தாள். தாழ்ப்பாள் அதிர்ந்தது. கை விடவில்லை. அப்பாவின் கண்கள் கூரையில் இல்லை இப்போது. அவன்மேல் இருந்தன. கோபமே இல்லை அதில். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

டிங்.

இடிப்பு நின்றது. 'அவகிட்ட சொல்ல மாட்டேன்' என்பதை அவள் படிக்கிறாள் என்று அப்பாவின் உதட்டில் தெரிந்தது. வாய்விட்டு வாசிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

அப்பாவின் வாய் நிற்கவில்லை.